கீழே இறங்க ஒரு வழி

— செவுத்துப் பக்கமா மிதிச்சு வாங்க அம்மணி. உள்பக்கம் நாலு விரல் அகலந்தான், கால் நிக்காது. எறங்கிட்டீங்களா?

— இறங்கிட்டேன் மிஸ்டர் ஐவ்சன். பதினாலு படி. எல்லாமே ஒத்தக் கல்லு. நடுத்தூணுன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு படியோட நுனியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து அதுவே தூணா ஆயிருக்கு. இந்தப் பள்ளத்தாக்குல இது மாதிரி இன்னும் ரெண்டுதான் பதிவுல இருக்கு.

— ஒண்ணு கொறைஞ்சா ஒண்ணும் முழுகிப் போயிடாது.

— உங்க மருமகன் மேலேயே நின்னுட்டாரே?

— வருவான். அவன்கிட்ட பேச்ச எதிர்பாக்காதீங்க. என் மக போனதுலேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல செலவு பண்றதில்ல. மாப்ள, எறங்கி வாப்பா. அம்மணிக்கு டீ போடணும்.

— வர்றேன் மாமா.

— பாத்தீங்களா, ரெண்டு போயிடுச்சு.

— மிஸ்டர் ஐவ்சன், இந்த முதல் படில மூலை உடைஞ்சிருக்கே. புது உடைசலா இருக்கு. உள்ள கல்லு இன்னும் வெளுப்பு மாறல.

— அது நான். மார்ச் ஏழாம் தேதி. மகள அடக்கம் பண்ணிட்டு வந்து, கொட்டகைலேர்ந்து சம்மட்டிய எடுத்துட்டு வந்தேன். ஒரே ஒரு அடிதான். அதுக்குள்ள இவன் வந்து புடுங்கிட்டான். எழுதிக்கங்க, ஹெட்லி ஐவ்சன்னு முழுப் பேரையும் போட்டு.

— நான் பாக்கலன்னு வச்சுக்கங்க.

— நல்ல மனசு. ஆனா ஒரு படிய நான் ஒடச்சதுக்குக் கண்ண மூடிக்கிட்டீங்க, மிச்சம் பதிமூணையும் எடுக்கறதுக்கும் அப்படியே மூடிக்கிட்டீங்கன்னா முடிஞ்சுதே.

— அது என் கையில மட்டும் இல்லீங்க. வியாழக்கிழமை பழங்கட்டடக் கமிட்டி கூடுது. நான் அறிக்கை எழுதணும், அத வச்சு அவங்க முடிவு பண்ணுவாங்க. வீடு ஆயிரத்து அறுநூத்தி எழுபத்தொண்ணுல கட்டினது. வாசலுக்கு மேல தேதிக்கல்லுல புருஷன் பேரு, பொண்டாட்டி பேரு முதல் எழுத்தோட அப்படியே இருக்கு. படியும் அதே வருஷம்.

— அந்தக் காலத்துல யாருக்கும் இடுப்பு வலி வந்ததில்ல போல. மாப்ள, கெட்டில்ல தண்ணி இருக்கா பாரு.

— இருக்கு.

— மிஸ்டர் கேப்ஸ்டிக், நீங்களும் கொஞ்சம் உக்காருங்க. விண்ணப்பம் உங்க பேர்லதானே இருக்கு. 'பின்பக்கச் சுழல்படியை முழுவதும் அகற்றி, நேரான மரப்படி வைக்க அனுமதி வேண்டும்.' காரணம்னு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க. 'படுக்கையில் இருப்பவரைக் கீழே இறக்க இந்த வீட்டில் வேறு வழி இல்லை.'

— ஆமா.

— வேற ஏதாவது சேக்கணுமா?

— இல்ல.

— அவன்கிட்ட கேட்டா இப்படித்தான். நான் சொல்றேன் கேளுங்க. அந்தக் கடுதாசில சாட்சிக் கையெழுத்து என்னுது. என் மக பிரையனிக்கு எலும்புல புத்துநோய் வந்துது. முதுகெலும்பு சாக்பீஸ் மாதிரி ஆயிடுச்சுன்னாரு டாக்டர். நவம்பர் ஒன்பதாம் தேதி ராத்திரி அவளே நடந்து மேல ஏறிப் போனா. அதான் கடைசி. மறுநாள் எந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸ் பசங்க வந்தாங்க, கெட்டிக்காரப் பசங்க, படிய மேலயும் கீழயும் அளந்து பாத்தாங்க. மல்லாக்கப் படுத்தபடிதான் தூக்கணும், கொஞ்சம் மடங்கினாலும் முறிஞ்சிடும், இந்த வளைவுல படுத்தபடி ஒரு ஆளத் திருப்பவே முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நர்ஸ்தான் மேல போவா வருவா.

— ஜன்னல் வழியா யோசிச்சீங்களா?

— ஜன்னலப் பாத்தீங்கல்ல. நடுவுல ரெண்டு கல்லு குத்துக்கால் நிக்குது. ஒரு கண்ணுல ஆட்டுக்குட்டிய வேணா வெளில தள்ளலாம்.

— சரி. நீங்க போய்ப் பாத்துட்டு வருவீங்களா?

— அதான அம்மணி நான் சொல்ல வர்றது. எனக்கு எடது இடுப்பு போச்சு. போன வருஷம் வலதும் போச்சு. இந்தப் படில என்னால ரெண்டு படி ஏற முடியும். பதினாறு வாரம். வாரா வாரம் புதன்கிழமை சந்த முடிச்சு நேரா இங்க வருவேன். இதோ, இந்த மூணாம் படில உக்காருவேன். அவ மேல கட்டில்ல. கதவத் தொறந்து வச்சிருப்பான் இவன். நடுவுல அந்த வளைவு. குரல் வரும். மூஞ்சி வராது.

— உங்கள யாராவது தூக்கிட்டுப் போயிருக்கலாமே.

— தூக்கினாங்களே. சொல்லு மாப்ள, அந்தக் கதைய.

— நீங்களே சொல்லுங்க மாமா.

— பக்கத்துப் பண்ண ரெண்டு பேரு, இவன் ஒருத்தன், தபால்காரன் ஒருத்தன். என்ன ஒரு நாற்காலில கட்டித் தூக்கினாங்க. அஞ்சாம் படில மாட்டிக்கிட்டேன். மேலயும் போகல, கீழயும் வரல. கொழுத்த கிடா வேலிச் சந்துல மாட்டின மாதிரி கால் மணி நேரம். தபால்காரன் சொல்றான், நான் மத்த கடுதாசியெல்லாம் குடுத்துட்டு வந்துடட்டுமான்னு. மேலேர்ந்து அவ சிரிக்கிறா. சிரிச்சா வலிக்கும் அவளுக்கு. 'அப்பா, சிரிக்க வைக்காதீங்க, செத்துடுவேன்'னு கத்தறா. நாங்க எல்லாரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். டிசம்பர் மொத வாரம் அது. அதுக்கப்புறம் முயற்சி பண்ணல.

— ம்.

— டீ ஆறுது, குடிங்க. கேக் எடுத்துக்கங்க, சீஸோட. என் வீட்டுக்காரி கையி, இவன் பண்ணினதில்ல, பயப்பட வேணாம். அப்புறம் அவ எறங்கினது மார்ச் ரெண்டாம் தேதி. அடக்கம் பண்றவங்க வந்து, போர்வைல சுத்தி, பட்டை போட்டுக் கட்டி, நிமித்தி வச்சுத்தான் கொண்டுவர முடிஞ்சுது. நான் கீழ நின்னேன். அந்த வளைவுல மொதல்ல கால் தெரிஞ்சுது. நின்னுக்கிட்டே எறங்கி வந்தா என் பொண்ணு. பதினாறு வாரம் கழிச்சுப் பாக்கறேன். மூஞ்சில துணி.

— மன்னிச்சுக்கங்க மிஸ்டர் ஐவ்சன்.

— நீங்க எதுக்கு. ஆயிரத்து அறுநூத்தி எழுபத்தொண்ணுல இத வச்சான் பாருங்க ஒருத்தன், அவன் வந்து கேக்கட்டும். இப்ப புரியுதா, ஏன் எடுக்கணும்னு சொல்றோம்னு? இவனுக்கு இருபத்தொம்பது வயசு. நாளைக்கு இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வருவா, வரணும். அவளும் மேல மாட்டிக்கிட்டுக் கெடக்கக் கூடாது.

— மாமா.

— என்ன மாமா. உண்மையத்தானே சொல்றேன்.

— நான் நேராவே சொல்லிடறேன். படிய எடுக்கறது சின்ன வேலை இல்ல. இந்த வீட்டுச் சுவர் ரெட்டைச் சுவர், நடுவுல வெறும் கல்பொடியும் மண்ணும். ரெண்டையும் சேத்துப் பிடிக்கறது அங்கங்க குறுக்கப் போட்ட நீளக் கல்லுதான். பின்பக்கத்துல அந்த வேலைய இந்தப் படிதான் செய்யுது. ஒவ்வொரு படியும் சுவத்துக்குள்ள ஒன்றரை அடி போகுது. எடுத்தா சுவர் தொப்பை போட ஆரம்பிக்கும்.

— முட்டுக் குடுப்போம். செவுரு கட்டற வேலதான் எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா மலை மேல கல்லு அடுக்கியிருக்கேன்.

— தெரியும்ங்க. முடியாதுன்னு நான் சொல்ல வரல. மனுஷங்க குடியிருக்கறதுக்கு இடைஞ்சலா இருந்தா, வேற வழியே இல்லன்னு காட்டினா, கமிட்டி விட்டுக்குடுக்கும். போன வருஷம் ஒண்ணு குடுத்திருக்கோம். எனக்கும் குடுக்கணும்னுதான் இருக்கு. இந்தக் கதையக் கேட்டப்புறம் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

— அப்ப முடிஞ்சுது. மாப்ள, கேட்டியா?

— கேட்டேன்.

— ஒரே ஒரு விஷயம். முன்னறைய இன்னும் நான் பாக்கல.

— முன்னறைல என்ன இருக்கு? அத யாரு தொறப்பா? சாமியார் வந்தா உக்கார வைக்கறதுக்கு ஒரு அறை. நாங்க எல்லாரும் இந்தச் சமையலறதான். நானே கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவ அங்க நின்னது.

— பதிவ சரி பார்க்கணும், அவ்வளவுதான். இந்தக் கதவுதானே மிஸ்டர் கேப்ஸ்டிக்?

— ஆமா. அழுத்தித் தள்ளணும்.

— நல்ல அகலம். அடுப்பு அப்படியே இருக்கு. மசாலா அலமாரிக் கதவுல செதுக்கல் இருக்கு, பதிவுல இருக்கு. ஜன்னல் மூணு கண்ணு, சரி. ம். சீலிங்.

— சீலிங்குக்கு என்ன? நல்லா சமமா இருக்கு.

— அதான். உத்தரமே தெரியல. எட்டு வருஷம் முன்னாடி என் ஆபீஸ்ல இருந்தவர் வந்து எழுதின பதிவு இது. படிக்கறேன் கேளுங்க. 'முன்னறையில் ஐந்து ஓக் உத்தரங்கள், ஓரம் சீவியவை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மேல்தளப் பலகைகள் தனியாகக் கழற்றி எடுக்கும்படி அமைந்துள்ளன. சவப்பெட்டி இறக்குவதற்கானது. மரமுளைகள் அசல். அரிதானது.'

— பொணவழி.

— உங்க பக்கம் அப்படியா சொல்லுவாங்க?

— ஆமா. இந்த மாதிரி படி இருக்கற வீட்டுல எல்லாம் வச்சிருப்பாங்க. எங்க பெரியப்பா வீட்ல இருந்துது. அவர அதுலதான் எறக்கினாங்க. ஒரு பக்கம் கயிறு வழுக்கிடுச்சு, பொட்டி தலைகீழா சர்ருன்னு வந்து நின்னுது. பெரியம்மா சொன்னா, உசுரோட இருக்கறப்ப சாப்பாட்டுக்குக் கூப்புட்டாதான் மனுஷன் இவ்வளவு வேகமா எறங்குவாருன்னு. ஆனா இந்த வீட்ல அது இல்ல அம்மணி. இருந்திருந்தா எனக்குத் தெரியாதா? உங்க ஆளு வேற வீட்டோட கொழப்பிக்கிட்டாரு.

— வாசல் கல்லு, அலமாரி, ஜன்னல் எல்லாம் சரியா எழுதியிருக்காரே.

— அப்ப முந்தி இருந்த கிழவன் மூடியிருப்பான். இவனோட சித்தப்பா. அவன் தொட்டது எதுதான் உருப்பட்டுச்சு? சுண்ணாம்புக் காரை இருந்த செவுத்துல சிமெண்ட்டப் பூசி, செவுரு மூச்சு விட முடியாம ஓதம் ஏறிப் போச்சு. நான்தான் எல்லாத்தையும் கொத்தி எடுத்தேன். அந்த மாதிரி ஆளு. சீலிங்கையும் அவன்தான் மூடியிருப்பான்.

— அவர் எப்ப இறந்தாரு?

— ஆறு வருஷம் ஆச்சு.

— இந்தப் பலகை ஆறு வருஷப் பலகை மாதிரி இல்லீங்க. ஓரத்துல பூச்சு இன்னும் —

— நான்.

— என்ன மாப்ள?

— சீலிங். நான்தான் போட்டேன்.

— நீயா? எப்ப?

— போன நவம்பர்ல ஆரம்பிச்சேன். டிசம்பர்ல முடிச்சேன்.

— பிரையனி மேல கெடக்கறப்பவா?

— ஆமா.

— அந்தச் சுத்தியல் சத்தம்… சொன்னா என்கிட்ட. கீழ ஆடம் ஏதோ அடிச்சிக்கிட்டே இருக்கான், எனக்காகத்தான்னு சொன்னா. நான் ஏதோ அலமாரின்னு நெனச்சேன்.

— மிஸ்டர் கேப்ஸ்டிக், எதுக்குன்னு கேக்கலாமா? நான் எழுதல, பேனாவ மூடிட்டேன்.

— அவ கட்டில் இதுக்கு நேர் மேல. பலக சந்துல குளிர்க்காத்து ஏறும். உத்தரத்துக்கு நடுவுல கண்ணாடிப் பஞ்சு வச்சு அடச்சு, கீழ பலகை அடிச்சேன்.

— அவளுக்குக் குளிரும்னு.

— ஆமா மாமா.

— பின்ன என்ன. அம்மணி, இதுல ஒண்ணும் குத்தம் இல்ல. பொண்டாட்டிக்குக் குளிருதுன்னு அடச்சான். உங்ககிட்ட அனுமதி கேக்காம செஞ்சது தப்புதான். அவனுக்கு அது தலையில ஏறியிருக்குமா அந்த நேரத்துல?

— புரியுது. அடைக்கறப்ப அந்தக் கழற்றுற பலகைய கவனிக்கலன்னு எடுத்துக்கறேன். மேல விரிப்பு இருந்திருக்கும், தெரிஞ்சிருக்காது. அப்படித்தானே?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பொணவழி இருக்கறது. கல்யாணம் ஆன மொத வருஷமே தெரியும். அவதான் கண்டுபிடிச்சா. தரைக்கு மெழுகு போடறப்ப.

— பிரையனியா?

— ஆமா. அதுக்கு மேலதான் கட்டிலப் போடணும்னா. பின்னாடி வசதியா இருக்கும்னு சொல்லிச் சிரிச்சா.

— என் பொண்ணுதான். அப்படித்தான் பேசுவா.

— நான் வெளில கார்ல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் —

— இருங்க மேடம். நீங்க இருக்கணும்.

— உக்காருங்க அம்மணி. மாப்ள, நான் ஒண்ணு கேக்கறேன். ஆறரை அடி. ரெண்டரை அகலம். படிச்சாங்கல்ல.

— ஆமா.

— மெத்தையோட எறக்கியிருக்கலாம்.

— ஆமா.

— மடங்க வேண்டியதே இல்ல. திருப்ப வேண்டியது இல்ல. கட்டில நகத்திட்டு, கதவுப் பலகை ஒண்ணுல படுக்க வச்சு, நாலு மூலைல நாலு கயிறு. வைக்கோல் ஏத்தற கயிறு கொட்டகைல கெடக்கு. என்ன நாற்காலில கட்டித் தூக்கின அதே நாலு பேரு.

— ஆமா மாமா.

— இந்த அடுப்புக்கு முன்னாடி வந்து எறங்கியிருப்பா.

— ஆமா.

— நான் இங்க உக்காந்திருப்பேன்.

— ஆமா.

— நீ ஆமா ஆமான்னு சொல்றத மொதல்ல நிறுத்து.

— மிஸ்டர் ஐவ்சன், கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேணாம். உனக்கு அது அப்பத் தோணலியா? தோணலன்னா சொல்லு, நான் விட்டுடறேன். நானும்தான் அங்க உக்காந்திருந்தேன், பொணவழின்னு ஒண்ணு இருக்குமான்னு எனக்கே தோணல. நாப்பது வருஷம் கல்லு அடுக்கினவன் நான். துக்கத்துல இருக்கறவனுக்கு எப்படித் தோணும்.

— அவ கேட்டா.

— என்ன கேட்டா?

— எறக்கச் சொல்லி. கிறிஸ்துமஸுக்கு மொத நாள்.

— எப்படிக் கேட்டா? என்ன வார்த்தைல கேட்டா? எனக்கு அது வேணும்.

— 'நாளைக்கு அப்பா வருவாரு. பலகையக் கழட்டி என்ன எறக்கு. எப்படியும் ஒரு நாள் அதுலதான் எறங்கப்போறேன், ஒரு தடவ ஒத்திக பாத்துடலாம். அப்பா மூஞ்சியப் பாக்கணும்.' அவ்வளவுதான்.

— நீ என்ன சொன்ன?

— முடியாதுன்னேன்.

— அவ?

— சரின்னா.

— சண்ட போடலியா? அவ சின்ன வயசுலேர்ந்து சரின்னு சொன்னதே இல்லயேடா.

— சண்ட போடல. சரின்னா. கொஞ்சம் நேரம் கழிச்சு, அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத, நானே சொல்லிக்கறேன்னா.

— சொன்னா. கிறிஸ்துமஸ் அன்னிக்குச் சொன்னா. நான் படில உக்காந்து, ஆடம்கிட்ட ஏதாவது வழி பாக்கச் சொல்லட்டுமா, ஜன்னல் கல்ல உடைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்ப்பா, எனக்கு மேலதான் புடிச்சிருக்கு, ஜன்னல்ல பட்டி தெரியுது, ஆடு உள்ள போறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம், கீழ வந்தா உங்க பாட்டக் கேக்கணும்னா. நான் அத நம்பினேன். வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், அவளுக்கு மேலதான் சந்தோஷமா இருக்காம்னு.

— தெரியும். நான் சமையலறைல நின்னு கேட்டேன்.

— நின்னு கேட்டுட்டு வாத்துக் கறிய வெட்டிப் போட்ட எனக்கு.

— ஆமா.

— அவ தட்ட நீதானே மேல எடுத்துட்டுப் போன. என்ன சொன்னா?

— நல்லா வெந்திருக்குன்னா.

— அப்படின்னா இந்தப் படி… நான் படிய அடிச்சேன். ஊர் பூரா சொன்னேன், அந்தப் படிதான் என் பொண்ண என் கண்ணுக்குக் காட்டலன்னு. சாமியார்கிட்ட சொன்னேன். இதோ இந்த அம்மணிகிட்ட சொன்னேன். நீ பக்கத்துல நின்ன.

— நீங்க படியத் திட்டினீங்க. நான் விட்டுட்டேன்.

— விண்ணப்பம் போடலாம்னு நான் சொன்னப்ப?

— போட்டேன்.

— வேற வழி இல்லன்னு உன் கையால எழுதின.

— எழுதினேன். மேடம், அத திருப்பிக் குடுத்துடுங்க. படி இருக்கட்டும். அது ஒண்ணும் பண்ணல.

— விண்ணப்பத்த வாபஸ் வாங்கறதுன்னா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். அவசரம் இல்ல. சீலிங் விஷயம்… பலகைய உடைக்காம கழட்டிட்டு, உத்தரம் பழையபடி தெரியற மாதிரி செஞ்சுட்டா, நான் அதப் பத்தி எதுவும் எழுத வேண்டியதில்ல. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்கங்க.

— எழுதுங்க. அனுமதி இல்லாம மூடினேன்னு எழுதுங்க.

— தண்டனை வேணும்னா நீங்க என்கிட்ட வரக் கூடாது மிஸ்டர் கேப்ஸ்டிக். நான் வெறும் கட்டடத்துக்குத்தான் ஆளு.

— விடுங்க அம்மணி. அவன்கிட்ட நான் பேசறேன். மாப்ள, இங்க பாரு. தரையப் பாக்காத, என்னப் பாரு.

— பாக்கறேன்.

— பதினெட்டு வாரம் ஆச்சு அவ போயி. நான் வாராவாரம் வர்றேன். நீ எனக்கு டீ போட்டுக் குடுக்கற. இந்தப் பாரத்த வச்சுக்கிட்டுத்தான் வாய் தொறக்காம இருந்தியா?

— ம்.

— எங்க பெரியப்பாவுக்கு அந்தப் பலகைய எடுக்கறப்ப நானும் ஒரு கை புடிச்சேன். பத்தொம்பது வயசு. மொளைய உருவறப்ப ஒரு சத்தம் வரும். இன்னும் என் காதுல இருக்கு. அந்த ஓட்டைய ஒரு காரியத்துக்குத்தான் தொறக்கறது. உசுரோட இருக்கறவள அது வழியா எறக்குன்னா எவனுக்குக் கை வரும்? நானா இருந்தாலும் நடுங்கியிருப்பேன். கேக்கறியா?

— கேக்கறேன்.

— அவரு சொல்றது சரிதான் மிஸ்டர் கேப்ஸ்டிக். நான் எத்தனையோ வீடு பாத்திருக்கேன். அந்தப் பலகை மேல பாய் போட்டு மறைச்சு வச்சிருப்பாங்க. சில வீட்ல கொழந்தைங்களுக்குச் சொல்லவே மாட்டாங்க.

— பாரு, அவங்களும் சொல்றாங்க. அவ சிரிச்சுக்கிட்டுக் கேட்டா, அவளுக்கென்ன, அவ எதுக்கும் பயப்பட மாட்டா. நீ பயந்துட்ட. அதத் தொறந்துட்டா அவ போறத ஒத்துக்கிட்ட மாதிரின்னு நெனச்ச. தொறந்தா நெசமாவே போயிடுவான்னு பயந்த. அவளுக்கும் அது புரிஞ்சிருக்கும். அதான் சண்ட போடாம சரின்னு சொல்லியிருக்கா. அதான?

— மாமா —

— அதான்னு சொல்லு. ஒரு வார்த்த. அத நீ சொல்லிட்டா, நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவேன், அடுத்த புதன்கிழம எப்பவும் போல வருவேன், இதப் பத்தி நாம பேசவே வேணாம். அவ அம்மாவுக்கும் தெரிய வேணாம். பயந்துட்டேன்னு சொல்லுப்பா.

— பயப்படல மாமா. அவ கேட்டதுக்கு மொத நாள்தான் சீலிங்குக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்சிருந்தேன்.